தள்ளினாளா, பிடிக்கப் போனாளா?

எங்கள் இஞ்சோன் ஊர்ச் சந்தையில் மால்சுன் அக்காவைப் பார்த்து ஒருவர் பயப்படுவார் என்று யாராவது முன்னே சொல்லியிருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பேன். ஈயை விரட்டினால்கூட அதனிடம் மன்னிப்புக் கேட்கிற பிறவி அது. பஸ் ஓட்டிக்கொண்டிருந்த புருஷன் சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டான். காலையில் சந்தையில் கிம்ச்சி ஊறுகாய் விற்பாள். தொலைக்காட்சிக்காரர்கள் கூப்பிட்டால் கூட்டத்தில் நிற்கப் போவாள். சாவு வீட்டில் அழுகிறவள், கதாநாயகிக்கு மீன் நிறுத்துப் போடுகிறவள், இப்படி ஏதாவது. எந்த வேஷத்துக்கும் பெயர் கிடையாது. அதை வைத்தே மகன் கிதேயைப் படிக்கவைத்து ஆளாக்கிவிட்டாள். நான் அவள் வீட்டுக்குக் கீழே பெண்களுக்கு முடி அலங்காரம் செய்யும் கடை வைத்திருக்கிறேன். அவள் தலையில் நான் போடாத சுருள் இல்லை.

அறுபது வயதில்தான் பெயர் வைத்த வேஷம் வந்தது. ‘மாடிவீட்டு மருமகள்’ என்கிற தினத்தொடரில் மாமியார். ஆரம்பத்தில் சும்மா முணுமுணுக்கிற மாமியார்தான். பார்க்கிறவர்கள் திட்டத் திட்ட எழுத்தாளருக்கு உற்சாகம் வந்து, வேஷத்தை ஊதிப் பெருக்கிவிட்டார். ஒருநாள் அந்த மருமகள் மாடிப்படியிலிருந்து உருண்டு விழுந்து நினைவிழந்தாள். திரையில் தெரிந்தது இவ்வளவுதான்: மருமகளின் முதுகு, அதை நோக்கி நீளும் ஒரு கை, பிறகு அலறல். கை எங்கள் அக்காவுடையது.

அன்று பிடித்தது சனி. கீரைக்காரி அவளுக்குக் கீரை தர மாட்டேன் என்றாள். பொதுக் குளியலறையில் முதுகு தேய்த்துவிடுகிற பெண் தோல் உரிகிற மாதிரி தேய்த்துவிட்டு, “வலிக்குதா? அந்தப் பொண்ணுக்கும் இப்படித்தானே வலிச்சிருக்கும்” என்றாளாம். அக்கா சிவந்த முதுகோடு என் கடைக்கு வந்து உட்கார்ந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

ஏனென்றால் கிதேக்குக் கல்யாணம் கூடிவந்திருந்தது. பெண் யூரிம், பல் மருத்துவரிடம் வேலை செய்கிறவள். தங்கமான பெண். யூரிமின் அம்மா அந்தத் தொடரை ஒருநாள் விடாமல் பார்க்கிறவள். மாப்பிள்ளையின் தாய் யார் என்று தெரிந்ததும் அந்தம்மா படுக்கையில் விழுந்துவிட்டாளாம்.

“அம்மா உங்களை நேர்ல பார்க்கவே பயப்படறாங்க அத்தே. நடிப்புதானேன்னா, மனசுல இல்லாதது முகத்துல எப்படிடி வரும்ங்கறாங்க” என்று யூரிம் அழாத குறையாகச் சொன்னாள்.

சம்பந்திகள் இரண்டு பக்கமும் முறையாக ஒருமுறை உட்கார்ந்து சாப்பிடாமல் எங்கள் ஊரில் கல்யாணம் நடக்காது. அந்தச் சாப்பாட்டில் முகம் கோணினால் எல்லாம் முடிந்தது. அக்கா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள்.

“தொடரோட கடைசி வாரத்துல என்னை எப்படியும் மண்டிபோட வெச்சு அழவிடுவாங்கடி. மருமக மன்னிச்சிடுவா. எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுவாங்க. எந்தத் தினத்தொடர் அப்படி முடியாம இருந்திருக்கு? அது முடிஞ்ச சனிக்கிழமை சம்பந்தியம்மாவைப் பார்க்கலாம். மனசு இளகியிருக்கும்.”

நானும் தலையாட்டினேன். சரியான கணக்காகத்தான் பட்டது. உணவகத்தில் தனி அறைக்குச் சொல்லிவைத்தோம்.

கடைசிப் படப்பிடிப்புக்கு அக்கா முழங்காலில் பஞ்சு வைத்துக் கட்டிக்கொண்டு போனாள், மண்டிபோட வேண்டியிருக்குமே என்று. எழுத்தாளர் அன்றன்றைக்கு எழுதி அனுப்புகிற துண்டுத் தாள்தான் அங்கே வசனம். அன்று வந்த தாளில் மண்டியும் இல்லை, மன்னிப்பும் இல்லை. மருமகள் கண் விழிக்கிறாள், மாமியார் கஞ்சிக் கிண்ணத்தோடு நிற்கிறாள், அவ்வளவுதான். அக்கா இயக்குநரிடம் போய், “ஐயா, நான் அவளைத் தள்ளினேனா, இல்ல பிடிக்கப் போனேனா? தெரிஞ்சாதானே முகத்துல காட்ட முடியும்” என்று கேட்டாள். “ரெண்டுமே இருக்கலாம்ங்கற மாதிரி பாருங்கம்மா” என்றாராம் அந்த மகராசன்.

கடைசி அத்தியாயத்தை என் கடையில்தான் பார்த்தோம். மருமகள் மெல்லக் கண் திறந்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள், மாமியாரைப் பார்த்தாள். “அத்தே… அன்னிக்கு உங்க கை…” என்றாள். அக்காவின் முகம் திரை முழுக்க உறைந்தது. பாட்டு வந்துவிட்டது. தொடர் முடிந்தது.

அப்புறம் ரகளை. சுருள் போட்ட தலையோடு ஒருத்தி எழுந்து தொலைக்காட்சியை அடிக்கவே போய்விட்டாள். “மாசக்கணக்கா பார்த்தவங்க என்ன கேனைங்களா?” சலவைக்கடைக்காரி மட்டும், “எனக்கு இதான் பிடிச்சிருக்கு. இனி என் இஷ்டத்துக்கு முடிச்சுக்குவேன். எல்லாத்தையும் அவங்களேவா ஊட்டணும்?” என்றாள். எனக்கு வந்ததே கோபம்! பாதித் தலைக்குச் சுருள் போட்டு, மீதியை நீயே கற்பனை பண்ணிக்கோ என்று நான் அனுப்பினால் எவளாவது காசு தருவாளா? அதைக் கேட்டேன். அவள் பதில் சொல்வதற்குள் எல்லாரும் அக்கா பக்கம் திரும்பிவிட்டார்கள். “நீயே சொல்லு. தள்ளினியா, இல்லியா?”

அக்காவின் உதடு வெளுத்திருந்தது. என் கையைப் பிடித்தாள். “ஐயோ, சனிக்கிழமை அந்தம்மாவும் இதத்தானே கேப்பா” என்றாள்.

சனிக்கிழமைக்குள் அவளைத் தயார் பண்ணினேன். “பிடிக்கத்தான் போனேன்னு சொல்லு. எவன் வந்து இல்லேங்கப் போறான்?” உட்கார்ந்தால் சொல்லு, நின்றால் சொல்லு என்று உயிரை எடுத்தேன். கிதேக்கு அப்பாவும் இல்லை, சித்தப்பாவும் இல்லை என்பதால் துணைக்கு நானே போனேன். உணவகம் மாடியில், படியேறும்போதும் அதையே அவள் காதில் ஓதினேன்.

யூரிமின் அப்பா நல்ல மனுஷர். கோப்பைகளை நிரப்பி நிரப்பிச் சிரித்தார். அந்தம்மா சிரிக்கவில்லை. தட்டு தட்டாக வந்தது, மீன் வந்தது, கறி வந்தது. ஒன்றையும் தொடவில்லை. அக்காவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா கைகளை மேஜைக்கடியில் ஒளித்தாள். அது இன்னும் மோசமாகப் போயிற்று.

“சம்பந்தியம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. இதக் கேக்காம எனக்குத் தூக்கம் வராது” என்றாள் அந்தம்மா. “தள்ளினீங்களா, இல்லியா?”

“அம்மா!” என்றாள் யூரிம். நான் மேஜைக்கடியில் அக்காவின் தொடையைக் கிள்ளினேன். சொல்லிவிடு தாயே, ஒரு வார்த்தை.

அக்கா வாயைத் திறந்தாள். அந்தப் பாவி மகளுக்குப் பொய் வரவில்லை. “தெரியலீங்க. சத்தியமா என்கிட்ட யாரும் சொல்லல.”

“கை உங்களது. உங்களுக்கே தெரியாதா?”

அதற்கு மேல் யார் சாப்பிடுவது? எல்லாரும் எழுந்தோம். கிதேயின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு படியிறங்கினோம். முன்னால் யூரிம், அவளுக்குப் பின்னால் அக்கா, அக்காவுக்கு மேல்படியில் அந்தம்மா, கடைசியில் நானும் ஆண்களும். குறுகலான படி. யூரிம் அம்மாவைச் சமாதானப்படுத்த ஏதோ சொல்லத் தலையை மட்டும் திருப்பினாள். குதிகால் விளிம்பில் வழுக்கியது.

அக்காவின் கை நீண்டது. நான் பார்த்தேன். முதுகு, அதை நோக்கிப் போகிற கை, அப்படியே அந்தத் தொடரில் வந்த மாதிரி.

“தொடாதே!” என்று அந்தம்மா அலறினாள்.

கை அந்தரத்தில் நின்றது. அக்கா அதை நெஞ்சோடு இழுத்துக்கொண்டாள். யூரிம் கீழே உருண்டாள்.

மருத்துவமனைக்குப் போகிற வழியெல்லாம் நான் கும்பிடாத சாமி இல்லை. அந்தப் பெண்ணுக்குத் தலையில் ஏதாவது ஆகியிருந்தால்? அக்கா மருத்துவமனைத் தாழ்வார நாற்காலியில் உட்கார்ந்து தன் வலது கையை இடது கையால் அழுத்திப் பிடித்திருந்தாள், அது எங்காவது ஓடிவிடும் என்பது போல. கடைசியில் கணுக்கால் எலும்புதான் முறிந்திருக்கிறது, வேறொன்றும் இல்லை என்றார் மருத்துவர்.

அந்தம்மா வந்து அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அந்தக் கை… பிடிக்கத்தானே வந்துச்சு?”

“ஆமாங்க.”

“நான் கத்தலேன்னா பிடிச்சிருப்பீங்க.”

அந்தம்மா முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். எதற்கும் அசையாமல் இருந்த அக்கா அப்போதுதான் அந்தக் கையை விடுவித்து அவள் முதுகில் வைத்தாள்.

யூரிம் மாவுக்கட்டைப் பிரித்து நடக்க ஆரம்பித்த பிறகு கல்யாணம். எங்கள் வழக்கப்படி இரண்டு தாய்மாரும் கைகோத்து மண்டபத்துக்குள் நடந்து போய், மேடையேறி, முதல் மெழுகுவர்த்திகளை ஏற்றவேண்டும். அக்காவுக்கு நீலப் பட்டு, அந்தம்மாவுக்கு இளஞ்சிவப்பு. இரண்டு பேர் தலைக்கும் நான்தான் சிங்காரம். மேடைக்கு முன்னால் படி வந்தது. அக்கா தயங்கி நின்றுவிட்டாள். படியைப் பார்த்தாலே இப்போதெல்லாம் அவளுக்கு மூச்சு வாங்குகிறது.

முன்வரிசையில் பெண் வீட்டுக் கிழவி ஒருத்தி பக்கத்தில் இருப்பவளிடம் குசுகுசுத்தாள். குசுகுசுப்பு என்று பேர்தான், மண்டபத்துக்கே கேட்டது. “அதோ, அவதான்டி. மருமகளப் படியிலேந்து தள்ளினவ. கடைசி வரைக்கும் ஒத்துக்கவே இல்லியே!”

அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை. போச்சு, இன்றைக்கும் போச்சு என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“அவங்க இல்ல சித்தி” என்று அந்தம்மாவின் குரல் கேட்டது. கண்ணைத் திறந்தேன். அக்காவின் வலது கையை இறுக்கிப் பிடித்தபடி அவள் முதல் படியில் கால் வைத்திருந்தாள்.

“தள்ளினது நான்.”