ஜம்போவில் எத்தனை பேர்

மலேசியாவின் தாப்பா பேருந்து நிலையத்துக் காப்பிக் கடைச் சுவரில், நாட்காட்டியிலிருக்கும் ஜம்போ விமானத்தைப் பார்த்ததும் எனக்கு அந்த யோசனை வருகிறது: விமானச் சொற்களுக்கு ஒரு தமிழ்க் கையேடு. உடனே நோட்டை எடுத்து எழுதுகிறேன். 'ஜம்போ: இரண்டு நடைவழிகளும் மாடியும் உள்ள மிகப்பெரிய பயணிகள் விமானம்.' வெளியே மழை விடுவதாக இல்லை.

எதிரே, ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் அக்கா ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். வேலை பெர்மிட்டைப் புதுப்பிக்க முடியாதென்று வந்த கடிதம் அவர் மடியில் நனைந்திருக்கிறது.

"அதுல எத்தன பேரு ஏறலாம், தம்பி?"

"நானூறு பேருக்குக் கிட்ட, அக்கா."

"காலைல பெரட்டுல பேரு கூப்பிட நிக்கிற கூட்டத்தவிட ஜாஸ்தி லா." சிரிக்கிறார். "எங்க லயத்து வீட்டு சனம் முழுக்க ஒரே தடவையில ஊருக்கு அனுப்பிடலாம். எந்த ஊருக்குன்னுதான் தெரியல. நான் பொறந்தது இங்க, பொறப்புப் பத்திரம்தான் இல்ல."

"உங்கம்மாவும் இதே தோட்டமா?"

"ஆமா. என்னைப் பெத்தப்போ ஒரு மாசம் வேலைக்குப் போகாம நின்னாங்களாம்."

அப்படியானால் அந்த மாத விடுப்பு தோட்டத்து ஆஜர் புத்தகத்தில் பதிவாகியிருக்க வேண்டும்; அவர் இங்கே பிறந்ததற்கு அது ஒரு சான்றாகலாம். கையேடு கிடக்கட்டும். நாளைக் காலை அவரோடு தோட்ட ஆபீசுக்குப் போய், பழைய புத்தகங்களைக் காட்டச் சொல்லி, கணக்கெழுதும் கிராணியிடம் கேட்டுப் பார்க்கப்போகிறேன்.