நாலு கேலன் பெட்ரோல்

பெட்ரோலும் ரத்தமும் ஒன்றாகச் சேர்ந்தால் ஒரு வாசனை வரும். துருப்பிடித்த இரும்பை நாக்கால் தொட்டது போல ஆரம்பித்து, மூக்கின் அடியில் ஏறி, தொண்டையில் ஒரு கெட்ட இனிப்பாக இறங்கும். அப்புறம் இரண்டு நாளைக்குச் சோறு இறங்காது. இதை நான் தெரிந்துகொண்டபோது எனக்குப் பதினொரு வயது. பாவாடை கட்டிய பெண் பிள்ளைக்குத் தெரிய வேண்டிய வாசனையா அது என்று கேட்பீர்கள். அந்தக் கோடையில் எங்கள் பக்கத்தில் யாருக்கு எது தெரிய வேண்டும் என்று யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

புத்தூர், நகரி, சத்தியவேடு என்று எந்த ஊருக்குப் போனாலும் எது ஆந்திராவில் இருக்கும், எது மதராஸோடு போகும் என்பதுதான் பேச்சு. ராஜ்ஜியம் பிரிந்து சில வருஷங்கள் ஆகியும் எல்லை மட்டும் முடிவாகவில்லை. தமிழ்ப் பலகை மேல் ஒரு நாள் தார் பூசியிருக்கும், மறுநாள் தெலுங்குப் பலகை மேல். "தாருக்கு மட்டும்தான் ரெண்டு பாஷையும் படிக்கத் தெரியும்" என்பார் எங்கள் மாமா, என் அம்மாவின் தம்பி. சிரிக்கச் சொன்னதுதான், ஆனால் கம்பும் கல்லும் எடுத்தவர்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியாரின் மண்டை உடைந்து கதவைச் சாத்திவிட்டார்கள், அம்மாவும் பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள், அதனால்தான் என்னை நைனா, என் அப்பா, தன்னோடு ஜீப்பில் ஏற்றிக்கொண்டு திரிந்தார்.

நைனாவுக்கு வாடகை இஞ்சின் தொழில். பட்டாளத்தில் கழித்துவிட்ட ஒரு ஜீப், அதன் பின்னால் கொக்கியில் மாட்டி இழுக்கிற இரண்டு சக்கர வண்டி, வண்டியின் மேல் தண்ணீர் இறைக்கிற இஞ்சின். கிணறு வெட்டும்போது ஊற்று பொங்கினால் உள்ளே நின்று யாரும் வெட்ட முடியாது. ஆளனுப்புவார்கள், நாங்கள் போவோம். ரோடு இருக்கிற இடமாகப் பார்த்தா ஊற்று பொங்குகிறது? ஏரிக்கரை மேலும், ஆற்று மணலிலும், முள்ளுக் காட்டிலும் இஞ்சினை இழுத்துக்கொண்டு போக வேண்டும். மணலில் இறங்கிவிட்டால் ஜீப் "மாடு கழனித்தண்ணி குடிக்கிற மாதிரி" பெட்ரோல் குடிக்கும். வழியில் வாங்க இடமில்லை. ஆகையால் நாலு கேலன் பெட்ரோல் எப்போதும் டின்னில் கூடவே வரும். இஞ்சினோ பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டுகிற ஜாதி; அதற்கு இன்னொரு டின்.

அந்த டின்களை நைனா நடத்திய விதத்தைச் சொல்ல வேண்டும். ஊற்றுகிறபோது டின் தரையில்தான் இருக்க வேண்டும், வண்டிக்குள் வைத்து ஊற்றக் கூடாது. கழுத்து வரைக்கும் ஊற்றவும் கூடாது, நாலு விரல் விட வேண்டும். "மூச்சு வுட எடம் இல்லாட்டி மனுசனே வெடிப்பான், டின்னு இன்னா பண்ணும்" என்பார். புகை விடுகிற குழாய் வலப்பக்கம் இருந்ததால் டின் பெட்டி ஜீப்பில் இடப்பக்கம். பெட்டிக்குள் மணல் மூட்டை, மேலே ஈரச் சாக்கு. வழியில் அங்கங்கே நிறுத்தி, நிழலில் மூடியைத் திருகி "உஸ்" என்று காற்றை விட்டு மூட வேண்டும். அது என் வேலை. மாமாவின் பீடி அவர் காது மேலேயே நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும். "பெட்ரோலு என் மாமியா மாதிரி. மூடி போட்டாலும் மணந்துகினே இருக்கும், எங்கியோ நெருப்பு கொளுத்தினா இங்கருந்து பாயும்" என்று சொல்லி அவராகவே சிரிப்பார். நிறைந்த டின்னைவிடக் காலி டின்னுக்குத்தான் நைனா பயப்படுவார், உள்ளே ஆவி நிற்கும் என்று. "நெறஞ்சது தூங்கும், காலிதான் கடிக்கும்" என்பது அவர் கணக்கு.

டின் கழுத்தில் துணி கட்டுகிற வழக்கம் ஒரு முகம் வெந்ததால் வந்தது. ஏதோ ஓர் ஊரில் இறைப்புக்குப் போன இடத்தில், மண்ணெண்ணெய் என்று நினைத்து ஒருவர் லாந்தரில் பெட்ரோலை ஊற்றிப் பற்ற வைக்க, அது வெடித்து அவருடைய ஒரு பக்கத்துக் கன்னம் தோலுரித்த வெங்காயமாகக் கையோடு வந்ததை நைனா கண்ணால் பார்த்தார். அன்றிலிருந்து பெட்ரோலுக்குச் சிவப்புத் துணி, மண்ணெண்ணெய்க்கு வெள்ளை. அந்த வெள்ளைத் துணிதான் அன்று காலை நைந்து அறுந்துபோனது. கைக்குக் கிடைத்தது மாமாவின் உடைந்த குடை. அதில் ஒரு கீற்றைக் கிழித்து நான்தான் கட்டினேன். குடைத் துணி என்ன நிறம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

காளஹஸ்திப் பக்கம் ஒரு கிணற்றுக்குப் போய்க்கொண்டிருந்தோம். பிச்சாட்டூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் புளியங்கிளையை வெட்டி ரோட்டில் போட்டு இருபது முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். கடையடைப்பாம், வண்டி போகக் கூடாதாம். நைனா இறங்கித் தெலுங்கில் பக்குவமாகத்தான் பேசினார். அவர்களும் வழி விடுகிற மாதிரிதான் இருந்தது. அதற்குள் ஒரு பையன் பெட்டியின் மேலிருந்த சாக்கைத் தூக்கிவிட்டான். உள்ளே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கழுத்து, ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு. இந்த ஊர்களைத் தமிழ்ப் பக்கம் சேர்க்கக் கேட்டவர்களில் ஒரு கட்சியின் கொடி அந்த இரண்டு நிறம். கொடிக்குக் கீழே பெட்ரோல் வேறு. "தகலபெட்டேதானிக்கி வச்சினாரு" என்று ஒரு குரல் கேட்டது. கொளுத்த வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

முதல் அடி நைனாவின் காதில் விழுந்தது. அடித்தவர் யார் என்று பார்க்க அவர் திரும்பிய பக்கமெல்லாம் அடி. மாமாவை வேலியில் தள்ளி ஏறி மிதித்தார்கள். இஞ்சின் வண்டியைக் கொக்கியிலிருந்து கழற்றி ஓடைக்குள் உருட்டினார்கள். இரும்பு உருண்ட சத்தத்தில் காக்கைகள் எழும்பின. பெட்ரோல் டின்னை ஒருவன் மூடியைத் திருகித் தூக்கி நைனாவின் தலைக்கு மேல் பிடித்துச் சாய்க்கப் போக, அவர் வலக்கையை உயர்த்தித் தடுத்தார். தோளில் கொஞ்சம் சிந்தியது. உயர்த்திய அந்தக் கை மேல் ஒரு கடப்பாரை இறங்கியது. காய்ந்த முருங்கைக் கிளை முறிகிற சத்தம்தான், அதற்கு மேல் ஒன்றுமில்லை. மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவில் நைனாவுக்குப் புதிதாக ஒரு மூட்டு முளைத்திருந்தது. நான் கத்தினேனா என்று எனக்கு ஞாபகமில்லை; மறுநாள் என் குரல் கம்மியிருந்தது என்பது ஞாபகமிருக்கிறது.

அடியை நிறுத்தியவரும் அந்தக் கும்பலில் ஒருவர்தான். தலைப்பாகை கட்டிய குடியானவர். நைனாவின் முகத்தில் ரத்தம் வழிந்ததால் அதுவரை அடையாளம் தெரியவில்லை போலிருக்கிறது. சட்டென்று குனிந்து பார்த்துவிட்டு, இந்த ஆள் போன வருஷம் நம் கிணற்றை இறைத்த இஞ்சின்காரரடா என்று தெலுங்கில் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை, ஆனால் கைகள் இறங்கின. மூடியைத் திருகி, டின்களை அவரே பெட்டிக்குள் வைத்து, சாக்கை மூடி, திரும்பிப் போய்விடுங்கள் என்று தமிழில் சொன்னார்.

புத்தூரில் எலும்பு கட்டுகிறவர்களிடம் கை வீங்குவதற்குள் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான் எங்களுக்கு அப்போது உலகம். கை நேராக வந்தால் நைனா மறுபடி ஓட்டுவார். வராவிட்டால் எங்கள் வீட்டுக்கு வேறு தொழில் கிடையாது. அரைகுறையாக ஓட்டத் தெரிந்த மாமா ஓட்டினார். ரோட்டுக்குப் பயந்து ஆற்று மணல் வழியாகவே திருப்பிக்கொண்டு போனதில் ஜீப் இருந்ததையெல்லாம் குடித்துவிட்டுக் கரை ஏறுகிற இடத்தில் நின்றது. இன்னும் பத்துப் பன்னிரண்டு மைல். பரவாயில்லை, டின் இருக்கிறது. நைனா பெட்ரோல் நனைந்த சட்டையைக் கழற்றச் சொல்லி மணலில் எறிந்தார். நான் டின்னை இறக்கித் தரையில் வைத்து மூடியைத் திருகினேன். மாமா ஓட்டுநர் இருக்கையைத் தூக்கினார், அதன் அடியில்தான் தொட்டி.

அப்போதுதான் கரை மேலிருந்து ஏழெட்டுப் பேர் ஓடி வந்தார்கள். நம் பக்கத்து ஆட்கள், தமிழ் பேசுகிறவர்கள், மாமாவுக்கு ஒன்றிரண்டு பேரின் முகம்கூடப் பழக்கம். கறுப்பும் சிவப்புமாய் இருந்த டின்களையும் நைனாவின் கையையும் பார்த்ததும் அவர்கள் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "நம்ம ஆளு" என்று ஒருவன் நைனாவின் காலைத் தொட்டான். கொடிக்காக அடி வாங்கியவர் என்று நினைத்துவிட்டார்கள்.

"கட்சியும் இல்ல, கொடியும் இல்லப்பா" என்றார் நைனா. "ஒடஞ்ச கொடத் துணி அது."

யார் கேட்டார்கள்? அவர்களில் மூத்தவன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கை காட்டினான். பனைகளுக்கு நடுவில் கூரை வீடுகள் தெரிந்தன, தெலுங்குக்காரர்கள் தெரு. உங்களை அடித்தவர்களுக்கு அது சொந்தக்காரத் தெரு என்றான். அங்கிருந்து யாராவது வந்து அடித்தார்களா என்று அவனுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

"அந்த டின்ன குடுங்கண்ணா. பதினெட்டு வூடு, காத்து நல்லா அடிக்குது, ஒரு டின்னு போதும். உங்க கைக்குப் பதிலு சொல்லிட்டு வர்றோம்."

நைனா தன் கையைப் பார்த்தார். அது மடியில் கிடந்தது, விரல்கள் அதற்குள் வாழைப்பூ நிறமாகிக்கொண்டிருந்தன. அப்புறம் என்னைப் பார்த்தார். டின்னுக்கு மிக அருகில் நான்தான் இருந்தேன்.

"பாப்பா, அத்த சாச்சிடு" என்றார்.

நான் உதைத்தேன். நாலு கேலனும் குளக் குளக்கென்று மணலில் போயிற்று. மணல் அதைக் குடித்த வேகம் இன்னும் கண்ணில் இருக்கிறது. கொட்டாங்கச்சி அளவுகூட மிச்சமில்லை. மூத்தவன் நைனாவை நெஞ்சில் உதைத்தான். இப்போதுதான் காலைத் தொட்டவன், அவனும் உதைத்தான். துரோகி என்றார்கள், இன்னும் இங்கே எழுத முடியாததெல்லாம் சொன்னார்கள். ஒருவன் ஆத்திரத்தில் நெருப்புப் பெட்டியை எடுத்து, உன் வண்டியாவது எரியட்டும் என்று குச்சியை உரசப் போனான். மாமா பாய்ந்து அவன் மணிக்கட்டைக் கடித்தார். ஆமாம், கடித்தார்; கையால் பிடிக்க அவருக்குத் தெம்பில்லை.

"எரிச்சிக்கோ" என்றார் நைனா, கீழே கிடந்தபடி. "அந்தப் புள்ள பாவாடை நனஞ்சிருக்குது, மொதல்ல பார்த்துக்கோ."

எல்லோரும் என் பாவாடையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். முழங்கால் வரைக்கும் ஈரம். குச்சிக்காரன் பெட்டியை மடியில் போட்டுக்கொண்டான். ஒவ்வொருவராகப் பின்னால் நகர்ந்து கரை ஏறிப் போனார்கள், முதுகைத் திருப்பாமல்.

மண்ணெண்ணெயைத் தொட்டியில் ஊற்றினால் அந்த ஜீப் கிளம்பாது. கடையடைப்பில் வண்டி மாடும் கிடையாது. மறுநாள் விடிந்து விறகு வண்டி ஒன்று வந்துதான் எங்களை ஏற்றிக்கொண்டது. வண்டியில் வைத்து நைனாவிடம் சொல்லிவிட்டேன், கறுப்புத் துணி நான் கட்டியது என்று. வீங்கிப் பளபளத்த கையை விறகின் மேல் நகர்த்தி வைத்துக்கொண்டார். "கட்டுன கை சின்னக் கை. அதுல கொடியப் பார்த்தது பெரிய கண்ணுங்க. நீ துன்னியா இல்லியா, அத்த சொல்லு" என்றார். வழியில் யாரோ கொடுத்த வேர்க்கடலை என் கையில் அப்படியே இருந்தது.

புத்தூரில் கட்டுகிறவர் கையைத் தொட்டுப் பார்த்து, நேற்றே வந்திருக்கக் கூடாதா என்றார். இரண்டு பேர் நைனாவின் தோளை அழுத்த, அவர் கையை இழுத்து எலும்பை எலும்பின் மேல் உட்கார வைத்தபோது, கடப்பாரைக்குக் கத்தாத நைனா கத்தினார். மூங்கில் பட்டையும் முட்டை வெள்ளையும் மாவும் வைத்துக் கட்டினார்கள். கை கூடியது, நேராகக் கூடவில்லை. இடப்பக்கம் ஸ்டியரிங் வைத்த அந்த ஜீப்பின் கியர் வலக்கைக்குத்தான்; அதற்குப் பிறகு அதை அவரால் தள்ள முடியவில்லை. மாமா ஓட்ட, நைனா பக்கத்தில் உட்கார்ந்து இடக்கையால் டின் பெட்டியைப் பிடித்துக்கொண்டு போனார், சாகிற வரைக்கும்.

எல்லையும் முடிவாயிற்று; சில ஊர் அங்கே போனது, சில ஊர் இங்கே நின்றது, தார் பூசிய பலகைகளைக் கரையான் தின்றது. கரண்டு வந்து வாடகை இஞ்சின் போயிற்று. இன்று பெட்ரோல் பங்கில் டின்னை நீட்டினால் ஊற்றமாட்டேன் என்கிறார்கள், நல்லதுதான். என் மகன் சத்தியவேட்டுப் பக்கம் வந்த ஸ்ரீ சிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறான். போன மாதம் அவனோடு காரில் வரும்போது ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தெருவில் நிறுத்தச் சொன்னேன். பனைகள் இல்லை. கூரை வீடு ஒன்றும் இல்லை, எல்லாம் தளம் போட்ட மெத்தை வீடு. நான் சும்மா நிற்பதைப் பார்த்து ஒரு பெண் வெளியே வந்து, எவரு காவாலம்மா, யார் வேண்டும் என்று தெலுங்கில் கேட்டாள். யாரும் வேண்டாம், கால் மரத்துப்போய் இறங்கினேன் என்றேன். உள்ளே போய் ஒரு சொம்பில் மோர் கொண்டுவந்தாள். அவள் இடுப்பிலிருந்த குழந்தை என் மூக்குக் கண்ணாடியைப் பிடித்து இழுத்தது.

காரில் ஏறியதும், தெரிந்த வீடா என்று மகன் கேட்டான். இல்லை என்றேன். பதினெட்டு வீட்டில் அது எத்தனையாவது என்று எனக்குத் தெரியாது.