றெஜினா அக்காவின் சந்தேகம்

வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது றெஜினா அக்காவின் மகள் அனிற்றாவின் தொலைபேசி அழைப்பு வந்தது. "அங்கிள், அம்மா போயிட்டா." புற்றுநோய் என்று தெரியும். இவ்வளவு விரைவில் என்று நினைக்கவில்லை.

ஸ்காபரோவின் மோர்னிங்சைட் பகுதியில் அக்காவை அறிந்தவர்களுக்கு அவருடைய கதவுச் சங்கிலியும் நினைவிருக்கும். யார் தட்டினாலும் அதைக் கழற்றாமலே பேசுவார். மகளின் வயதைக் கேட்டால் இரண்டைக் குறைத்தே சொல்வார். பாடசாலைகளில் மொழிபெயர்ப்பாளனாக இருந்த என்னிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, "உமக்குச் சம்பளம் ஆர் தாறது?"

போன வருடம் மாசியில் ஒருநாள் பதறிப்போய் அழைத்தார். "தம்பி, பள்ளிக்கூடத்தில பிள்ளையளைப் பட்டாளத்துக்குச் சேர்க்கப் போகினம். கெதியா வாரும்."

போனோம். ஆசிரியை சிரித்தபடி விளக்கினார். பதினெட்டு வயதானவர்களுக்குத் தேசிய சேவையைக் கட்டாயமாக்கலாமா என்று வகுப்பில் விவாதம். அனிற்றா ஆதரித்துப் பேச வேண்டும். "விவாதம் மட்டும்தான்" என்றார். மொழிபெயர்த்தேன். அக்கா சிரிக்கவில்லை.

"நான் இருந்து கேக்கலாமோ எண்டு கேளும். ஒண்டும் விடாமல் எனக்குச் சொல்லும்."

அனிற்றா நன்றாகவே பேசினாள். ஒழுக்கம் வரும், பணக்காரப் பிள்ளையும் ஏழைப் பிள்ளையும் ஒன்றாக நிற்பார்கள் என்றாள். கைதட்டல் ஓய்ந்ததும் ஆசிரியை, அம்மா ஏதும் சொல்ல விரும்புகிறாரா என்று மரியாதைக்குக் கேட்டார். அக்கா எழுந்தார்.

"என்ர மகன் ரியூசனுக்குப் போனவன். ஊரில இயக்கத்துக்காரர் றோட்டில மறிச்சு வாகனத்தில ஏத்தினவை. தேடிப் போன இடத்தில ஒருத்தர் சிரிச்சுக்கொண்டு சொன்னார், 'பயப்பிடாதேங்கோ அம்மா, பயிற்சி மட்டும்தான்' எண்டு. நம்பித் திரும்பி வந்தன். தலையை மொட்டை அடிச்சு, ஒழுங்காத் துவக்குப் பிடிக்கத் தெரியமுதல் சண்டைக்கு அனுப்பிப் போட்டினம். உடம்பும் வரேல்லை. இப்ப ரீச்சரும் 'மட்டும்தான்' எண்டுறா. அதுதான் கேட்டுப் பாக்க வந்தனான்."

வகுப்புக்காக நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். ஆனால் அனிற்றாவுக்கு என் மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. அவள் முகம் முன்பே வெளிறியிருந்தது.

வெளியே வந்ததும் கேட்டாள்: "அண்ணா காய்ச்சலில செத்தவர் எண்டுதானே சொன்னீங்கள்?"

"ஓம். காய்ச்சல் எண்டால் நீ ஒருத்தரையும் வெறுக்கத் தேவையில்லை."

அவள் தாயின் குளிர்ச் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அக்கா அழவில்லை. "நீ நல்லாத்தான் பேசினனி. ஆனா கட்டாயம் எண்டு சொல்லுறவை முதல் ஆற்ற பிள்ளையை அனுப்புகினம் எண்டு நீ கேக்கேல்லை" என்றார்.

அடக்கம் முடிந்த வாரம் ஸ்காபரோ மண்டபமொன்றில் ஒரு கூட்டம். நன்றாக உடுத்திய ஒருவர், நம் பிள்ளைகள் ஒவ்வொருவரும் இனத்துக்காக ஒரு வருடத்தைக் கட்டாயம் கொடுக்க வேண்டும் என்றார். பலத்த கைதட்டல். முன்பென்றால் நானும் தட்டியிருப்பேன். எழுந்து, அவருடைய பிள்ளைகள் எப்போது போகிறார்கள் என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே அடுத்தவரைப் பேச அழைத்தார். பக்கத்தில் இருந்தவர்கள் கதிரைகளைச் சற்றுத் தள்ளிப் போட்டார்கள்.

றெஜினா அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தச் சந்தேகத்தைத்தான். ஒரு பிள்ளையை விலையாகக் கொடுத்து அவர் அதைப் பெற்றார். எனக்குச் சும்மா தந்துவிட்டுப் போயிருக்கிறார்.