ஏழாவது குழி தின்ற மண்

என் தம்பியை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவன் மண்வாயன். மண்ணை ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டு மென்று பார்ப்பான். அதனால் வந்த பெயர். வைத்தவள் நான்தான். அப்போது அவனுக்கு ஒன்பது வயது, விறகுக்கட்டையோடு என்னைத் தெரு முழுக்க விரட்டினான். பிறகு அந்த வாய்தான் அவனுக்குச் சோறு போட்டது.

மண் ஆபீசில் அவனுக்குக் குழி தோண்டும் வேலை. மலைமேல் எங்கே கட்டடம் கட்டலாம், எங்கே நாற்று நடலாம் என்று பார்க்க ஆபீசர் வருவார். சுண்ணாம்பால் ஒரு கட்டம் போடுவார். அதற்குள் இவன் நெஞ்சளவு தோண்டி, நாலு பக்கமும் சுவர்போல நேராகச் சீவிவிட வேண்டும். கீழே நின்று இவன் சொல்லச் சொல்ல, மேலே நின்று அவர் எழுதிக்கொள்வார்.

தோண்டிய மண்ணை ஒரே குவியலாகப் போடமாட்டான். மேலே கிடக்கும் சருகும் மட்கிய குப்பையும் ஒரு சாக்கில், அதற்குக் கீழே உள்ள கறுப்பு மண் ஒரு சாக்கில், காப்பிப்பொடி நிற மண் ஒரு சாக்கில், அடியில் வரும் மண்ணும் கல்லும் இன்னொன்றில். மூடும்போது கடைசியாக எடுத்தது முதலில் போகும். "எடுத்தது எடுத்த இடத்துக்குப் போகணும்க்கா. இல்லேன்னா மரமெல்லாம் என்னைத் திட்டும்" என்பான். மூடி முடித்தால் அந்த இடம் ஒரு சாண் மேடாக நிற்கும். கிளறிய மண் பொங்கத்தான் செய்யும். எந்தக் குழியானாலும் அப்படித்தான். இதை மட்டும் மறக்காமல் மேலே கேளுங்கள்.

நல்ல மண் எது என்று அவன் எனக்குச் சொல்லிக்கொடுத்தது என் அடுப்படியில் வைத்து. இரண்டு பிடி மண்ணைக் கொண்டுவந்து, நான் அப்போதுதான் துடைத்த தரையில் கொட்டினான். ஒன்று பள்ளத்து மண். சாம்பல் நிறம், நடுநடுவே துருப்பிடித்த புள்ளிகள், அழுகிய முட்டை நாற்றம். தண்ணீர் போக வழியில்லாமல் உள்ளேயே நின்று மூச்சுமுட்டிய மண் அது. இன்னொன்று மலைக்காட்டு மண். விரலால் நசுக்கினால் ரொட்டித்தூள் மாதிரி உதிர்ந்தது. அந்த மண் மேலிருந்து கீழ்வரை ஒரே பழுப்பாக இருக்குமாம், ஒரு புள்ளி இருக்காதாம். வேர்கள் தயங்காமல் ஆழத்துக்கு இறங்கியிருக்குமாம், மண்புழு போன துளைகள் திறந்தே இருக்குமாம். குழியின் அடியில் சின்னப் பள்ளம் செய்து ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றுவான். அவன் முகத்தைத் துடைத்துத் துண்டைப் பிழிவதற்குள் தண்ணீர் இறங்கிவிட்டால் அது நல்ல மண்.

அந்தத் தம்ளர் பழைய அலுமினியத் தம்ளர். வாய் ஒரு பக்கம் நசுங்கியிருக்கும், அளவுக்காக ஆணியால் கீறிய மூன்று கோடுகள் இருக்கும்.

அந்த வருடம் மலைமேல் பிள்ளைகள் தங்கிப் படிக்க ஒரு பள்ளிக்கூடம் வரப்போகிறது என்றார்கள். காட்டுக்கு நடுவே ஒரு சமதரை, அங்கேதான் கட்டடம். தம்பி மகளுக்கு எட்டு வயது. தினமும் இரண்டு மணிநேரம் நடந்து, ஓடையைத் தாண்டிப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தாள். மழை நாளில் அவளை இடுப்பில் தூக்கி ஓடையைக் கடத்திவிட்டவள் நான். புதுப் பள்ளியில் சேர்பவர்கள் பட்டியலில் முதல் பெயர் அவளுடையது. அவள் அம்மா அதற்குள் படுக்கை விரிப்பு ஒன்று தைத்து, ஓரத்தில் சிவப்பு நூலில் பூ போட்டுவிட்டாள்.

சமதரையில் ஏழு குழிகள் தோண்டினான். ஆறும் நல்ல மண். நடுவில் இருந்த ஏழாவது அதைவிட நல்ல மண். ஆபீசருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இந்த மண்ணைக் கண்ணாடிப் பெட்டியில வச்சு நாலு பேருக்குக் காட்டணும்யா" என்றாராம்.

ஆனால் மூடும்போது மண் போதவில்லை.

எல்லாச் சாக்கும் காலி. குழியோ ஒரு சாண் பள்ளமாக நின்றது. அன்று தம்பி சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தான்.

"மிச்ச மண்ணை வழியில பசிக்குதுன்னு நீயே தின்னுட்டியோ என்னவோ" என்றாள் அவன் மனைவி. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் வேறு இடத்து மண்ணைச் சுமந்துபோய் மேடாக்கிவிட்டு வந்தான். நாலு நாளில் மறுபடியும் ஒரு சாண் பள்ளம். மூன்று முறை இப்படி. மூன்றாம் முறை நானும் கூடப் போனேன். காற்றே இல்லை. அந்த இடத்தைச் சுற்றிக் கிடந்த சருகெல்லாம் காம்பு நடுவைப் பார்க்கக் கிடந்தது, யாரோ உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்ததுபோல. தம்பி குப்புறப் படுத்துக் காதை வைத்தான். என்னையும் வைக்கச் சொன்னான். பக்கத்து அறையில் ஆட்கள், நம்மை எழுப்பிவிடக் கூடாதே என்று, மெல்லச் சாமான்களை நகர்த்துவதுபோல ஒரு சத்தம். நான் எழுந்து முந்தானையை உதறிக்கொண்டேன். "ஒண்ணும் கேக்கலடா" என்று சொன்னேன். பொய்தான்.

அவன் ஆபீசரிடம் போனான்.

"நல்லா வடியுற மண்ணுய்யா. தண்ணி இறங்க இறங்க இறுகத்தானே செய்யும்?"

"வடியுற மண்ணு தண்ணியத்தான் சார் குடிக்கும். இது மண்ணையே தின்னுது."

"பேய்க்கதையெல்லாம் ரிப்போர்ட்ல எழுத முடியாதுய்யா. கையில காட்ட ஏதாவது இருக்கா?"

காட்ட ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்தால் மனைவி, "வாய மூடிட்டுச் சும்மா இருங்க. புள்ள படிக்கணுமா வேணாமா?" என்றாள். நானும் அவள் பக்கம்தான் பேசினேன். பிள்ளையைத் தூக்கிச் சுமந்த இடுப்பு என்னுடையது, பேசாமல் எப்படி இருப்பேன்?

இதற்கிடையே அவன் தம்ளர் காணாமல் போயிருந்தது. "நீதான் பாத்திரக் கள்ளி, உன் வீட்லதான் இருக்கும்" என்று என் அலமாரியையே கவிழ்த்துப் பார்த்தான். நாலு மாதம் போனது. சமதரைக்குச் செங்கல் வந்து இறங்கியது.

ஒரு காலை, நான் ஊற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். சமதரையிலிருந்து அரைமணி நேரம் கீழே இறங்கினால் அந்த ஊற்று. பாறைக்கு அடியில், கை நுழையும் அளவு ஓட்டையிலிருந்து தண்ணீர் வரும். பத்து நாளாக மழை இல்லை. கண்ணாடிபோல வந்துகொண்டிருந்த தண்ணீர் சட்டென்று நின்றது. பாறை இரண்டு முறை இருமியது. நான் சொல்வது சத்தியம், மனிதர் இருமுவதுபோலவே இருமியது. பிறகு தண்ணீர் பழுப்பாக வந்தது. அதோடு தம்ளரும் வந்து என் காலில் இடித்து நின்றது.

நசுங்கிய வாய், மூன்று கோடு. சாம்பல் போட்டுத் தேய்த்ததுபோலப் பளபளத்தது. உள்ளே காப்பிப்பொடி நிற மண், கட்டைவிரலால் அமுக்கி அமுக்கி நிரப்பியதுபோல.

அதைத் துணிகளுக்கு அடியில் மறைத்து வைத்தேன். இதையும் சொல்லத்தான் வேண்டும். யாரும் பார்க்கவில்லை, தூக்கி எறிந்திருந்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் என் கையில் அப்போது பிழியாமல் இருந்தது அந்தப் பிள்ளையின் படுக்கை விரிப்பு. அந்தச் சிவப்புப் பூவைப் பார்த்தேன். இதை விரித்து இவள் எங்கே படுக்கப்போகிறாள் என்று நினைத்தேன். தம்ளரை எடுத்துக்கொண்டு அப்படியே ஈரத்தோடு எழுந்து தம்பி வீட்டுக்கு நடந்தேன்.

தம்பி தம்ளரை வாங்கிப் பார்த்தான். உள்ளே இருந்த மண்ணில் ஒரு சிட்டிகை வாயில் போட்டு மென்றான்.

"ஏழாவது குழிக்கா. தண்ணி ஊத்திப் பாத்துட்டு அடியிலேயே வச்சு மூடிட்டேன்." அதுவரை பதினைந்து வருடத்தில் அவன் ஒரு சாமானைக் குழியில் விட்டதில்லை.

மறுநாள் ஆபீசரைச் சமதரைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். என்னை வரவேண்டாம் என்றார்கள், நான் போனேன். ஆபீசர் தம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யாராவது ஊத்துல கொண்டுபோய்ப் போட்டிருக்கலாம்."

"யாரு, நானா? எனக்கென்ன வேற வேலை இல்லையா? தோண்டிப் பாருங்க" என்றேன் நான்.

தம்பி இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையை மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி ஆபீசர் கையில் கொடுத்தான். பகல்தான், ஆனாலும் குழியின் அடி தெரியவேண்டும் என்று டார்ச்சை எடுத்துக்கொண்டான். மறுபடி நெஞ்சளவு தோண்டினான். சுவர்கள் எவ்வளவு அழகாக இருந்தன என்கிறீர்கள்! பிள்ளைகளின் தலைமுடிபோல வேர்கள், ஒரே பழுப்பு, ஒரு கறை இல்லை. கடப்பாரையால் அடியில் குத்தினான். ஒரு முறை சத்தம் கேட்டது. இரண்டாம் முறை கேட்டது. மூன்றாம் முறை சத்தமே இல்லை.

தரை இடியவில்லை. கீழேயிருந்து யாரோ மூடியை உருவிக்கொண்டதுபோலப் போய்விட்டது. தம்பி கயிற்றில் தொங்கினான். காலடியில் எரியவிட்டிருந்த டார்ச் விழுந்தது. இரண்டு ஆள் உயரம் விழுந்தது, அணையவில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்று எரிந்தது. பிறகு அந்த வெளிச்சம் பக்கவாட்டில் நகர ஆரம்பித்தது. கையில் விளக்கோடு ஒருவர் அவசரமில்லாமல் நடந்துபோவதுபோல, உள்ளே இருந்த சுவர்களை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போய், ஒரு திருப்பத்தில் திரும்பி மறைந்தது. எங்கள் முகத்தில் குளிர்ந்த காற்று வந்து அடித்தது. அதில் அப்போதுதான் மழை பெய்த மண்ணின் வாசம்.

ஆபீசரும் நானும் சேர்ந்து இழுத்தோம். அவர் உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது. அந்தக் கையாலேயே, இங்கே கட்டக் கூடாது என்று அங்கேயே உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதினார்.

பள்ளிக்கூடம் கீழே, பள்ளத்து மண்ணில் வந்தது. சாம்பல் மண், புள்ளி மண். சுற்றிலும் வாய்க்கால் வெட்டியும் மழைக்காலத்தில் கணுக்கால் தண்ணீர் நிற்கும், குளியலறையில் தவளை உட்கார்ந்திருக்கும். ஆனால் கட்டடம் நிற்கிறது. அந்த விரிப்பில் படுத்துப் படித்தவள்தான் நான் சொல்வதை இப்போது எழுதுகிறாள். தவளையெல்லாம் வேண்டாம் அத்தை என்கிறாள். எழுது என்கிறேன்.

அதன்பிறகு தம்பி தினமும் காலையில் ஊற்றுக்குப் போவான், டார்ச் வந்ததா என்று பார்க்க. "தம்ளர் நாலு மாசத்துல வந்துச்சு. டார்ச்சு அதைவிட ஒல்லி. ஏன்க்கா வரல?" என்று கேட்பான். சில வருடம் போனதும் கேட்பதை நிறுத்திவிட்டான். ஒருநாள் அவனே சொன்னான்: "உள்ள அது தங்குற அளவுக்கு இடம் பெருசாயிருச்சுக்கா."

மூன்று வருடத்துக்கு முன்னால், சாதாரணக் காய்ச்சலில், கட்டிலில்தான் போனான். தம்ளர் என்னிடம் இருக்கிறது. அவனுக்குப் பதிலாக நான் ஊற்றுக்குப் போகிறேன். மேலே சமதரையில் வேலி போட்டிருக்கிறார்கள். உள்ளே மரங்கள் ஓங்கி வளர்ந்து நிற்கின்றன, அவ்வளவு நல்ல மண்.

போன வாரம், மழையே இல்லாத ஒரு காலை, பாறை இரண்டு முறை இருமியது. நான் ஓடவில்லை. ஓட்டைக்கு நேரே கையை நீட்டிக்கொண்டு நின்றேன். தண்ணீர் பழுப்பாக வந்தது, வெகுநேரம் வந்தது. பிறகு தெளிந்துவிட்டது. கையில் ஒன்றும் இல்லை.