வத்தல் மூட்டைக்குக் காவல்

சங்கரன்கோவிலில் என் வீட்டுக்காரருக்கு மிளகாய் வத்தல் கமிஷன் கடை. எழுபதுகளின் கடைசியில், சிங்கப்பூரில் இருந்த அவருடைய அண்ணன் மகளுக்குக் கல்யாணம் வைத்தார்கள். பிள்ளைகளை வாசுதேவநல்லூரில் என் அம்மாவிடம் விட்டுவிட்டு, மெட்ராஸ் போய்க் கப்பல் ஏறினோம். விமானத்தில் போகலாமே என்று சொன்னவர்களிடம், "அதுல மூட்டை ஏத்த விடமாட்டான்வே" என்றார். மூட்டை என்றால் வத்தல் மூட்டை. கல்யாணப் பெண்ணுக்குச் சித்தப்பா சீராக, எங்கள் கரிசல் வத்தலைவிட உயர்ந்தது உலகத்தில் இல்லை என்பது அவர் கொள்கை.

கப்பலில் எங்களுக்கு அடித்தட்டில் படுக்கை. ரயிலில் இருப்பதுபோல மேலே ஒன்று, கீழே ஒன்று. மூட்டையை என் காலடியில் வைத்துக் கட்டினார். இரண்டாம் நாளே அந்தத் தட்டில் இருந்த அத்தனை பேரும் தும்ம ஆரம்பித்துவிட்டார்கள். கடல் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று கப்பல் டாக்டர் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தார். நாங்கள் இருவரும் வாயைத் திறக்கவில்லை.

டிக்கெட்டில் எதெல்லாம் அடக்கமோ அதையெல்லாம் அனுபவித்துத் தீர்ப்பது என்று அவர் கங்கணம் கட்டிக்கொண்டிருந்தார். சாப்பாட்டு மணி அடித்தால் முதல் ஆள். மற்றவர்கள் வாந்தி எடுத்துச் சுருண்டு கிடக்க, இவர் அவர்கள் பங்குத் தயிரையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மேல்தட்டில் சினிமா போட்டால் மொழி புரியாவிட்டாலும் கடைசிவரை உட்கார்ந்திருந்தார். எனக்கு அதிலெல்லாம் நாட்டமில்லை. பினாங்கில் கப்பல் ஒரு பகல் நிற்கும், கரைக்குப் போய் ஊர் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். நான் அந்த ஒரு பகலுக்காகத்தான் கப்பல் ஏறினேன். அதற்கென்று ஒரு புடவையை மடிப்புக் கலையாமல் வைத்திருந்தேன்.

பினாங்கு வருவதற்கு முந்தின சாயங்காலம் அவர் தீர்ப்புச் சொன்னார்.

"ரெண்டு பேரும் போனா மூட்டையை யாரு பாக்கது? நீ இரு. நான் போய்ப் பாத்துட்டு வந்து உனக்கு எல்லாம் சொல்லுதேன்."

"வத்தலைத் திருடிட்டு எவன் கடல்ல குதிக்கப்போறான்?"

"உனக்கு ஊர் உலகம் தெரியாதுட்டி."

அதைத் தெரிந்துகொள்ளத்தானே போகிறேன் என்கிறேன்! அழுகை வந்தது. அழுதால் அதையும் கடல் காற்றின் கணக்கில் எழுதி மாத்திரை கொடுத்துவிடுவார்கள் என்று அடக்கிக்கொண்டேன். அடுத்த படுக்கையில் இருந்த நாகூர் அக்கா, மகனைப் பார்க்க அடிக்கடி சிங்கப்பூர் போய்வருகிறவர், கேட்டுக்கொண்டே வெற்றிலை மடித்தார்.

காலையில் பினாங்கு தெரிந்தது. துறைமுகத்தில் இடம் கிடைக்கும்வரை கப்பல் வெளியே காத்து நின்றது. கிடைத்த நேரத்தை விடுவாரா? மேல்தட்டில் ஒரு நீச்சல் தொட்டி இருந்தது. கரைக்குப் போகும் முன் அதிலும் ஒரு குளியல் போட்டுவிட வேண்டும் என்று கிளம்பினார். துண்டைப் பிடிக்க நானும் போனேன்.

எங்கள் பக்கத்தில் குளிப்பது என்றால் கிணற்றில்தான். மோட்டார் ரூம் மேல் ஏறி, மூக்கைப் பிடித்துக்கொண்டு குதிக்க வேண்டியது. எவ்வளவு ஆழம் என்று எவனும் கேட்டதில்லை. இவர் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டினார், பக்கத்து ஏணியில் நாலு படி ஏறினார், "ஏ, விலகுங்கவே!" என்று ஒரு சத்தம், குதித்துவிட்டார். தொட்டியில் தண்ணீர் இடுப்பளவு. குதித்தவர் முங்கவே இல்லை. நின்ற வாக்கில் "ஐயோ, காலு!" என்றார்.

டாக்டர் வந்து கணுக்காலில் கட்டுப் போட்டார். எலும்பு முறியவில்லை, பிசகல்தான், ஆனால் காலை ஊன்றக்கூடாது. "அடியில பதிச்ச கல்லு வரைக்கும் தெரிஞ்சுதே, அப்பக்கூடவா சந்தேகம் வரல?" என்று கேட்டேன்.

"தண்ணி தெளிவா கெடக்குன்னுல்லா நெனைச்சேன்."

கிணற்றில் அடி தெரிந்து பழக்கமில்லாதவர். என்ன செய்வார்!

நான் புடவையை எடுத்து உடுத்தினேன். படுத்திருந்தவருக்கு முழி பிதுங்கியது. "தனியாவா போற?" என்றார். "தனியா என்ன, நான் இருக்கேன். நீங்க மூட்டையைப் பாத்துக்கிங்க தம்பி" என்று நாகூர் அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார்.

முன்னால் இரண்டு பேர் உட்கார, பின்னாலிருந்து மிதிக்கும் மூன்று சக்கர வண்டி ஒன்றில் போனோம். எதிரே வரும் லாரி நேராக என் மடியில்தான் ஏறும் போலிருந்தது. நான் கத்தியதற்கு வண்டிக்காரர் சிரித்தார். பிறகு மலை ரயில். கம்பிவடம் கட்டி, மலையில் செங்குத்தாக இழுக்கிறார்கள். பாதி மலையில் நிறுத்தி எல்லாரையும் இறக்கிவிட்டு, வேறு பெட்டியில் ஏற்றுகிறார்கள். அந்த இடத்தில் காது அடைத்துக்கொண்டது. உச்சியில் குளிர். கீழே கடலும், ஓரத்தில் எங்கள் கப்பலும் தெரிந்தன. அதற்குள் ஒருத்தர் வத்தல் மூட்டையைத் தலைக்கு வைத்துப் படுத்துக் கிடக்கிறார். பாவம் என்று நினைக்க முயன்றேன், வரவில்லை. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன் இருந்ததில்லை.

சாயங்காலம் திரும்பி வந்ததும், "சொல்லு, என்ன பாத்த?" என்றார். வண்டி, கடைத்தெரு, மலை அடிவாரம், ரயில் என்று சொல்லிக்கொண்டே போனேன். படுக்கைக்கே வரவழைத்த சாப்பாட்டை ஒரு பிடி பிடித்திருந்த மனிதர், நான் பாதி மலை ஏறுவதற்குள் குறட்டை விட்டுவிட்டார். கல்யாணம் முடிந்து திரும்பி வரும்போது பினாங்கில் யாரையும் இறங்க விடவில்லை.

ஊர் வந்து சேர்ந்த பிறகுதான் வேடிக்கை. வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் பினாங்கை அளந்துவிட ஆரம்பித்தார். வண்டியில் போனது அவர், லாரிக்கு அஞ்சாதது அவர், மலை ஏறியதும் அவர். "இவ கப்பல்லயே மூட்டைக்குக் காவல் இருந்தா" என்று எனக்கும் போகிற போக்கில் ஒரு வேஷம் கொடுத்திருந்தார். அடுப்படியில் நின்று கேட்கும்போதெல்லாம் உடம்பு பற்றி எரியும். என் வாழ்க்கையில் எனக்கே எனக்கென்று இருந்தது அந்த ஒரு பகல். அதையும் கடைச் சரக்கு மாதிரி எடுத்துப் பேசிக்கொண்டிருந்தார். நாலு பேர் முன்னால் புருஷனை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று பழக்கியிருந்தார்களே, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் திருவேங்கடத்திலிருந்து கடைக்கு வத்தல் போட வந்த அண்ணாச்சி ஒருவர் எங்கள் வீட்டில் நாலைந்து பேரோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். வாலிபத்தில் பினாங்கில் கடை வேலை பார்த்தவர் என்பது எங்களுக்குத் தெரியாது. மலை ரயில் பேச்சு வந்ததும் அண்ணாச்சி முகம் மலர்ந்தது.

"பாதி மலையில இறக்கி விடுவானே, அங்கன காது அடைக்குமே. உமக்கு அடைச்சுதா?"

"இறக்கல்லாம் மாட்டான் அண்ணாச்சி. ஒரே இழுப்பு. கீழ ஏறினா உச்சிதான்."

"இல்லவே. பெட்டி மாறணும்லா?"

வீட்டுக்காரர் திருதிருவென்று விழித்தார். அடுப்படிப் பக்கம் திரும்பினார். நான் நிலையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தேன். ஒரு வார்த்தை எடுத்துக்கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. மறுபடியும் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"நான் எங்க போனேன்" என்றார் கடைசியில், தரையைப் பார்த்துக்கொண்டு. "கால் பிசகிக் கப்பல்லயே கெடந்தேன். அவதான் போனா. அவகிட்ட கேளுங்க."

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். அவர் எழுந்து நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார். "நின்னுக்கிட்டு என்னட்டி, வந்து இருந்து சொல்லு."

உட்கார்ந்தேன். ஆம்பிளைகள் நடுவில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. காது அடைத்ததைச் சொன்னேன், குளிரைச் சொன்னேன். உச்சிக்குப் போய்ச் சேரும்போது அடுப்படியிலிருந்து காபி வந்தது. அவரே போட்டு, தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு வந்திருந்தார். சூடும் இல்லை, டிகாஷனும் இல்லை. அண்ணாச்சி கை நீட்டினார். வீட்டுக்காரர் அவரைத் தாண்டி வந்து, முதல் தம்ளரை என்னிடம் கொடுத்தார்.