செலின் அக்கா வீட்டில் சொல்லக் கூடாத வார்த்தை

செலின் அக்காவுக்கு எங்கள் தெருவில் 'வெந்நீர்' என்று பெயர். வைத்தவன் நான்தான். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஆனால் நீங்களே நியாயம் சொல்லுங்கள். ரங்கூன் தாமுவே சந்தைக்குப் பக்கத்தில் பலாட்டா என்கிற பரோட்டாவும் டீயும் விற்றுப் பிழைக்கிறவன் நான். காலை ஏழு மணிக்கு, கடை நிறைய ஆள் உட்கார்ந்து குடிக்கும்போது ஒருத்தர் உள்ளே வந்து, "கார்த்தி, கப்பைப் பச்சைத் தண்ணியில முக்கி எடுத்தா கிருமி சாகுமாடா? குளிச்சிட்டுக் கும்மாளம் போடும்" என்று கத்தினால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது?

அக்கா எங்கள் கட்டடத்தில் மூன்றாம் மாடி. நாங்கள் இரண்டாம் மாடி, கடை கீழே. வயது அறுபத்திரண்டு. பின் தெருவில் இருக்கும் ஒரு சின்ன தரும ஆஸ்பத்திரியில் முப்பத்தைந்து வருஷமாக ஒரே வேலை பார்க்கிறார். கத்தி, கத்திரி, இடுக்கி, துணி எல்லாவற்றையும் கழுவி, அவித்து, கட்டி அடுக்குகிற வேலை. அங்கே எத்தனையோ ஸயா வந்து போய்விட்டார்கள். ஸயா என்றால் எங்கள் ஊரில் டாக்டர். அக்காவும் அவர் அவிக்கிற பானையும் மட்டும் இடம் மாறவில்லை. "நான் அவிச்ச கத்தி பட்டு ஒரு புண்ணு சீழ் பிடிச்சுதுன்னு எவனாவது சொல்லட்டும், வேலையை விட்டுர்றேன்" என்பார். எவனும் சொன்னதில்லை.

அவருக்கு இந்தப் பித்து ஒரு புத்தகத்தால் வந்தது. அவருடைய கொள்ளுத்தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் கப்பலேறி வந்து, ரங்கூனில் ஓர் ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராக இருந்தவர். காயத்தைக் கழுவிக் கட்டுகிற உத்தியோகம். அவர் விட்டுப்போனது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றில் அச்சான ஓர் இங்கிலீஷ் புத்தகம். அட்டை கிடையாது, கடைசிப் பக்கங்களைக் கரையான் தின்றுவிட்டது. அப்போது பெனிசிலின் வரவில்லை, ஸ்கேன் என்றால் யாருக்கும் தெரியாது. என்ன நோய் என்று கண்டுபிடிக்க ஸயாவுக்குக் கண்ணும் கையும் காதும்தான். நாக்கைப் பார், நாடியை எண்ணு, வயிற்றைத் தொட்டுப் பார் என்று பக்கம் பக்கமாகப் போகிறது. அக்கா தகப்பனாரிடம் கற்ற அரைகுறை இங்கிலீஷோடு, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதை எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறார்.

படித்ததை எங்களுக்கும் சொல்வார். ஒருநாள், சாப்பிட முடியாத நோயாளிக்கு முட்டையையும் பிராந்தியையும் கலக்கிப் பின்வழியாக ஏற்றச் சொல்கிறது என்றார். நான் விடுவேனா?

"இதை எழுதின ஸயா முன்வழியா நல்லா ஏத்திக்கிட்டு எழுதியிருப்பாருக்கா."

கடையே சிரித்தது. அக்காவும் சிரித்துவிட்டார். "சிரிடா. அதுல தப்பு நூறு இருக்கு, எனக்கே தெரியும். ஆளைத் தொட்டுப் பாருன்னு சொல்லுது பாரு, அதுல மட்டும் தப்பில்ல."

அவர் சிரிக்காத விஷயம் ஒன்றுண்டு. 'தெத்தா' என்ற வார்த்தை. பர்மிய வார்த்தைதான். நோய் குணமானாலும் தெத்தா, வலி கொஞ்சம் குறைந்தாலும் தெத்தா. நாங்கள் தமிழ் பேசும்போதும் அதையே சொல்லிப் பழகிவிட்டோம். "காய்ச்சல் எப்படி?" "தெத்தா." அவ்வளவுதான் பேச்சு. அக்கா காதில் அது விழுந்தால் போதும், ஆடித் தீர்த்துவிடுவார். "எது தெத்தா? வலி போச்சா, சீக்கு போச்சா? பிரிச்சுச் சொல்லு! தெத்தாவுக்கும் செத்தாவுக்கும் ஒரெழுத்துத்தான் வித்தியாசம்!" புருஷனை இழந்த பொம்பளை, ஏதோ கிறுக்கு என்று நாங்கள் விட்டுவிடுவோம். அவர் புருஷன் பாக்கியசாமி இன்சீன் ரயில் பட்டறையில் வேலை பார்த்தவராம். நாங்கள் இந்தக் கட்டடத்துக்குக் குடிவருவதற்கு முன்பே வயிற்றுச் சீக்கில் போய்விட்டார். அதற்கு மேல் யாருக்கும் தெரியாது, அக்காவும் சொன்னதில்லை.

போன வருஷம் அடைமழையில், ஒரு வெள்ளிக்கிழமை, என் மனைவி சாந்தகுமாரிக்குத் தொப்புளைச் சுற்றி வலி வந்தது. சனிக்கிழமை காலையில் அது வலது பக்கம் அடிவயிற்றுக்கு இறங்கிவிட்டது. வயிற்றுவலி என்றால் நம் ஆட்கள் என்ன செய்வோம்? விளக்கெண்ணெய். எங்கள் அம்மா செய்தது, அவர் அம்மா செய்தது. ஒரு முழு அவுன்ஸ் கொடுத்துவிட்டேன். கொடுத்த பத்தாம் நிமிஷம் அக்கா வேலைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தார்.

"விளக்கெண்ணெய் கிளக்கெண்ணெய் கொடுத்துறாத, கார்த்தி. குடல்வாலா இருந்தா அது விஷம்."

"சேச்சே, கொடுக்கலக்கா" என்றேன். பாட்டில் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அடி வாங்கப் பயந்த பிள்ளையைப் போல ஐம்பத்து நான்கு வயதில் பொய் சொன்னேன்.

அக்காவின் ஆஸ்பத்திரி ஸயா அன்று த்வாண்டேயில் தன் தாயார் வீட்டுக்குப் போயிருந்தார். போனில் விசாரித்து, உடனே ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ஸ்கேன் எடுக்கிற இடத்தில் கரண்டு இல்லை, நாலு மணிக்குத்தான் வரும் என்றார்கள். சாந்தா சுருண்டு கிடந்து முனகினாள். நான் கடைக்கும் மாடிக்கும் ஓடிக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டரை மணிக்கு மறுபடி மாடி ஏறினேன். முனகல் நின்றிருந்தது. சாந்தா என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள்.

"வலி நின்னுருச்சுங்க. சட்டுன்னு விட்டுருச்சு. தெத்தா."

அப்பாடா! எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எல்லாம் விளக்கெண்ணெயின் மகிமை என்று உள்ளுக்குள் ஒரு திமிர் வேறு. கடைக்கு இறங்கி வந்து பிள்ளையார் படத்துக்குச் சூடம் காட்டினேன். அந்த நேரம் பார்த்து ஸயா போன் செய்தார். "தெத்தாலா?" என்று கேட்டார். தெத்தாதான் என்றேன். சந்தோஷம், ஓய்வெடுக்கட்டும், திங்கட்கிழமை கூட்டி வா என்று வைத்துவிட்டார்.

ஒரு மணிக்கு அக்கா நனைந்த குடையோடு வந்தார். "உங்க புத்தகம் தோத்துருச்சுக்கா! அவளுக்கு வலி நின்னுருச்சு!" என்று சிரித்தேன்.

அக்கா முகம் செத்துப்போயிற்று. "எப்ப நின்னுச்சு? கொஞ்சங்கொஞ்சமாவா, ஒரேயடியாவா?"

"ஒரேயடியா."

குடையைக் கடை வாசலிலேயே போட்டுவிட்டு மாடி ஏறினார். அறுபத்திரண்டு வயசுக்காரி இரண்டு இரண்டு படியாக ஏறுவதை அன்றுதான் பார்த்தேன். சாந்தாவின் கையைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். அது காய்ந்து கிடந்தது. உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு அவள் வயிற்றில் மெல்ல வைத்தார். பிறகு என் கையை இழுத்து அதே இடத்தில் வைத்தார். பலாட்டா போடுகிற பலகையைப் போல விறைத்துக் கிடந்தது என் மனைவியின் வயிறு. சாந்தா இரண்டு முழங்காலையும் மடக்கி வைத்து, மேல்மூச்சாக விட்டுக்கொண்டிருந்தாள். அதுவரை நான் அதைக் கவனிக்கவே இல்லை.

"நாடி நூத்தி முப்பது. விளக்கெண்ணெய் கொடுத்தியா?"

நான் பாட்டிலைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

"கொடுத்தியாடா பாவி!"

"கொடுத்தேன்க்கா."

என் போனைப் பிடுங்கி ஸயாவிடம் பேசினார். தெத்தா என்ற வார்த்தையே அதில் வரவில்லை. வலி நின்றது, வயிறு பலகை, நாடி நூற்று முப்பது, காலையில் பேதிக்குக் கொடுத்திருக்கிறது. ஸயா, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், ஆபரேஷனுக்கு நான் சொல்லி வைக்கிறேன் என்றார்.

எனக்கு ஆத்திரம் வந்தது. பயம்தான் ஆத்திரமாக வந்தது. "வலி நின்ன ஆளை எதுக்குக்கா வெட்டணும்? நல்லா இருக்கிறவளைக் கொண்டுபோய்..."

சாந்தாவும், "எனக்கு ஒண்ணுமில்லக்கா, கொஞ்சம் தூங்கினாப் போதும்" என்றாள்.

அக்கா என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். அடிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். ஆனால் குரல் இறங்கிவிட்டது.

"அவரும் இப்படித்தாண்டா சிரிச்சாரு. பத்தொம்பது வருஷம் ஆச்சு. 'செலின், வலி விட்டுருச்சு, கஞ்சி குடு'ன்னாரு. ஸயா வந்து வாசல்ல நின்னு, 'தெத்தாலா'ன்னு கேட்டாரு. நான்தான் பதில் சொன்னேன். தெத்தா, ஸயா, நீங்க போங்கன்னு நான்தான் சொல்லி அனுப்பினேன். மாதா கோயிலுக்குப் போய் மெழுகுத்திரி ஏத்திட்டு வந்தேன். மறுநாள் விடியல்ல அவரு இல்ல. உள்ள வெடிச்சிருந்துச்சு. வெடிச்சா வலி கொஞ்ச நேரம் நிக்கும்டா. வலி இறங்கி நாடி ஏறினா காத்திருக்காதேன்னு அந்தப் புத்தகத்துல எழுதியிருக்கு. அதை நான் எப்பப் படிச்சேன் தெரியுமா? அவரு போய் நாப்பதாம் நாள். அதுவரைக்கும் அது எங்க இருந்துச்சு தெரியுமா? என் தையல் மிஷினு ஆடாம இருக்க ஒரு காலுக்கு அடியில வச்சிருந்தேன்."

நான் சாந்தாவைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

டாக்ஸியில் அக்கா அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு நாடியை விடாமல் பிடித்திருந்தார். இரண்டரை மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். நானும் அக்காவும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் காளியம்மனைக் கூப்பிட்டேன், அவர் ஜெபமாலையை உருட்டினார். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. ஆபரேஷன் செய்த டாக்டரம்மா வெளியே வந்து, குடல்வால் வெடித்து வயிறெல்லாம் சீழ், கழுவிவிட்டோம், நாளைக்கு வந்திருந்தால் எங்களால் முடிந்திருக்காது என்றார். அக்கா அவரிடம் முதலில் கேட்டது, "கத்தி நல்லா அவிச்சதுதானே, ஸயாமா?" அந்த அம்மா, ஆமாம் அம்மா என்று அடக்கமாகப் பதில் சொன்னார்.

ஆறு மணி வாக்கில் சாந்தா கண் திறந்தாள். நான் குனிந்தேன். பாழாய்ப்போன நாக்கு, பழகியதைத்தானே சொல்லும்?

"சாந்தா, தெத்தா..." என்று தொடங்கி, அக்கா நிற்பது ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டேன்.

சாந்தா உதட்டை நனைத்துக்கொண்டாள். "வலிக்குதுங்க" என்றாள். "உயிர் போற மாதிரி வலிக்குது."

அக்கா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "வலிக்குதா? நல்லா வலிக்குதாடி? இன்னொரு தடவை சொல்லு."

"வலிக்குதுக்கா."

அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதார். பக்கத்துக் கட்டில்காரர்கள் எங்கள் வீட்டில் யாரோ இறந்துவிட்டதாக நினைத்து எழுந்து வந்தார்கள். இல்லை இல்லை, என் மனைவிக்கு வலிக்கிறது என்று நான் அவர்களுக்குச் சொன்னேன்.