நொட்டாங்கைக் குல்லாய்

ஆனி பிறந்து மலையில் மேகம் இறங்கிவிட்டால், "மலை முக்காடு போட்டுட்டு" என்பார்கள் எங்கள் தென்காசியில். செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று அப்போது காதுக்குள் புகுந்து குடையும். குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்களுக்குச் சாரல் ஒரு கொண்டாட்டம். ரதவீதியில் குடை ரிப்பேர் கடை வைத்திருந்த எனக்கோ அதுதான் பிழைப்பு. இரண்டாம் உலகச் சண்டைக்கு முந்தின வருஷங்களைச் சொல்லுகிறேன். காலையில் கம்பி ஒடிந்த குடையோடு ஆட்கள் வந்து நிற்பார்கள். உச்சிக்கு மேல் சாரல் வலுத்துவிட்டால் ஈ காக்காய் வராது. கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வருவேன். வீட்டுக் கதவையும் சாத்திக்கொண்டு, உட்கார்ந்து கம்பளி நூல் பின்னுவேன்.

இந்த ஒரு வரியை எழுத எனக்கு இத்தனை வயதாக வேண்டியிருந்தது.

யாரும் சொல்லித் தந்து பழகியதல்ல. குற்றாலத்தில் தங்கியிருந்த ஒரு துரைசானி, ஒடிந்த குடையை ஒரு கிழிந்த கம்பளித் துண்டில் சுற்றிக் கொடுத்தனுப்பியிருந்தாள். குடையைத் திரும்ப வாங்க வந்த ஆள் துண்டை வேண்டாம் என்று விட்டுப் போனான். இதை எப்படித்தான் பின்னியிருக்கிறார்கள் என்று ஓரத்தைப் பிரித்தேன். பிரிந்துகொண்டே வந்தது. மொத்தமும் ஒற்றை நூல். கண்ணிக்குள் கண்ணியை இழுத்து இழுத்தே அத்தனை பெரிய துண்டைச் செய்திருக்கிறார்கள். எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ஒரு குடைக்கம்பியை அரத்தால் ராவி முனையில் கொக்கி வைத்தேன். ஆடியும் ஆவணியும் பின்னுவதும் பிரிப்பதுமாகவே போயின. அடுத்த சாரலுக்குள் கை படிந்துவிட்டது.

நான் பிறவியில் இடது கைக்காரன். எங்கள் பக்கம் நொட்டாங்கை என்பார்கள். சின்ன வயதிலேயே அடித்து மாற்றிவிட்டார்கள். சாப்பிடுவது, எழுதுவது, கடையில் சுத்தியல் பிடிப்பது எல்லாம் வலது கைதான். ஆனால் இந்தக் கொக்கி ஊசியை எடுத்த அன்றைக்கு இடது கை தானாக நீண்டு வாங்கிக்கொண்டது. பார்க்க ஆளில்லை என்பதால் நானும் விட்டுவிட்டேன். ஓட்டின்மேல் சாரல் சளசளக்க, மடியில் கம்பளி கிடந்து முழங்காலுக்குச் சூடு தர, அத்தனை வருஷம் அடக்கி வைத்திருந்த கை தன் பாட்டுக்கு ஓடும். அந்தச் சுகத்தை நான் வேறெதிலும் கண்டதில்லை.

ஆனால் ஆண்பிள்ளை நூல் பின்னுகிறான் என்று தெரிந்தால் கடைத்தெருவில் தலை காட்ட முடியுமா? மூச்சு விடக்கூடாது என்று மனைவியிடம் சொல்லியிருந்தேன். அவள் வாய்க்குக் கேட்கவா வேண்டும்.

"ஊர்ல ஆம்பளைங்க என்னத்தையெல்லாமோ ஒளிச்சு வைக்காங்க. எனக்கு வாச்சவுக நூலுருண்டைய ஒளிச்சு வைக்காக."

அடுத்த வீட்டில் ஒரு போலீஸ் ஏட்டு குடியிருந்தார். அவர் மனைவிக்கு நல்ல சாரலில் குழந்தை பிறந்தது. அது சளியில் மூக்கடைத்து அழுவது சுவர் தாண்டிக் கேட்கும். மனசு பொறுக்காமல் ஒரு குல்லாய் பின்னிக் கொடுத்தனுப்பினேன். யார் பின்னியது என்று ஏட்டு மனைவி கேட்டதற்கு, நான் சொல்லி அனுப்பியிருந்தபடியே, "நாந்தான் மதினி" என்று என் மனைவி சொல்லிவிட்டு வந்தாள்.

குல்லாயின் புகழ் தெருவைத் தாண்டிப் போனது. கிறிஸ்தவப் பெண்கள் பள்ளிக்கூடத்து டீச்சரம்மா ஒருநாள் எங்கள் வீடு தேடி வந்தார். இந்த வேலைக்குக் குரோஷா என்று பேர் என்பதே அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். பிள்ளைகளுக்கு வாரத்தில் இரண்டு நாள் வந்து இதைச் சொல்லித் தர முடியுமா என்று என் மனைவியைக் கேட்டார்.

என் மனைவியை மூன்றாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். பள்ளிக்கூடத்து மணி கேட்டால் இன்னும் கைவேலையை விட்டுவிட்டு ஒரு நிமிஷம் நிற்பாள். ஒரு மாசம் கழித்து வருகிறேன் என்று டீச்சரம்மாவிடம் தைரியமாகச் சொல்லி அனுப்பிவிட்டு என்னிடம் வந்தாள்.

"எனக்குச் சொல்லித் தாங்க. டீச்சர்னு அந்தப் பிள்ளைங்க ஒரு தடவ என்னைக் கூப்பிடட்டும். அது போதும் எனக்கு."

சொல்லித் தந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து என் கையையே பார்த்துப் பழகினாள். என் கொக்கி இடது கையில் இருந்ததால் அவள் கொக்கியும் இடது கைக்கே போனது. நடுவில் ஒருநாள் வலது கைக்கு மாற்றிப் பார்த்தாள், வரவில்லை. வலது கையால் சொல்லித் தர எனக்கும் தெரியவில்லை. எந்தக் கையாக இருந்தால் என்ன, பின்னல் ஒன்றுதானே என்று அவளைத் தேற்றினேன். கதவைச் சாத்திக்கொண்டே பழகிய எங்களுக்கு, நாலு பேர் பார்ப்பார்கள் என்ற நினைப்பே அற்றுப் போயிருந்தது. மாசம் முடிவதற்குள் அவள் பின்னல் என்னுடையதைவிட நெருக்கமாக விழுந்தது.

குறித்த நாளில் குடை பிடித்து நானே கூட்டிப் போனேன். தாழ்வாரத்தில் இருபது பிள்ளைகள் இருந்தார்கள். வேடிக்கை பார்க்க அம்மாமார்களும் வந்திருந்தார்கள். ஏட்டு மனைவி குழந்தைக்குக் குல்லாயை மாட்டியே தூக்கி வந்திருந்தாள். நான் வாசலில் நின்றேன். என் மனைவி உட்கார்ந்து கொக்கி ஊசியை இடது கையில் எடுத்தாள். முதலில் ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்தது. அப்புறம் அரிசிக்கடைக்காரர் மனைவி வாயைத் திறந்தாள்.

"ஏட்டி, இது என்ன கூத்து? கோலம் வலது கையில போடுதே, சோறு வலது கையில போடுதே. இதுக்கு மட்டும் நொட்டாங்கையா?"

இன்னொருத்தி, தன் மகளுக்கு இந்தப் படிப்பு வேண்டாம், போகிற வீட்டில் நொட்டாங்கையால் விளக்கேற்றினால் பேச்சு தனக்குத்தான் வரும் என்றாள். ஏட்டு மனைவி குழந்தையின் தலையிலிருந்து குல்லாயை மெல்லக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

டீச்சரம்மா நல்ல மனுஷி. வலது கையால் கொஞ்சம் பின்னிக் காட்டினால் போதும் என்றார். என் மனைவி கை மாற்றினாள். கொக்கி வழுக்கியது, நூல் சிக்கியது. திரும்ப இடது கைக்கு மாற்ற அம்மாமார்கள் விடவில்லை. உடனே குல்லாயே ஐந்தருவிப் பக்கத்துச் சீசன் கடையில் வாங்கியது என்று ஒரு குரல் கிளம்பியது. ஊரை ஏமாற்ற வந்தவள் என்றது இன்னொரு குரல். யார் உங்களுக்குச் சொல்லித் தந்தது என்று டீச்சரம்மா கேட்டார்.

என் மனைவி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை. எனக்கு வழி விட்டுக் காத்திருந்தாள். அவள் பார்ப்பதைப் பார்த்து டீச்சரம்மாவும் என் பக்கம் திரும்பினார்.

"நமக்கு இந்தப் பொம்பள வேலையெல்லாம் தெரியாதும்மா" என்றேன் நான்.

"யாரும் சொல்லித் தரல டீச்சரம்மா, நானாப் பழகுனது" என்றாள் அவள். ஊசியையும் நூலையும் மேஜைமேல் வைத்துவிட்டு இறங்கி வந்தாள். வீடு வருகிற வரைக்கும் குடைக்குள் வரவில்லை.

பள்ளிக்கூடத்திலிருந்து பிறகு ஆள் வரவில்லை. ஏமாற்றுக்காரி என்ற பேர் மட்டும் தெருவில் நின்றுவிட்டது. அவள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதிலுக்குக் கத்தியாவது தப்பித்திருப்பேன்.

மூன்று சாரல் கழிந்தபின் ஏட்டுக்கு வேறு ஊருக்கு மாற்றலானது. போகுமுன் குடையைச் சரிபார்க்கக் கடைக்கு வந்தார். இவரிடமாவது சொல்லிவிடுவோம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். பின்னியது நான், அவளுக்குப் பழக்கியது நான், நொட்டாங்கை என்னுடையது என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

"அண்ணாச்சி, பொய் சொல்லுதவன் எத்தனை பேரப் பாத்திருக்கேன். பொண்டாட்டி மேல உள்ள பழிய இப்படித் தன் தலையில தூக்கிப் போட்டுக்கிடுத ஆம்பளைய இப்பதான் பாக்கேன்."

என் முன்னால் கம்பிகள் கிடந்தன. அரம் கிடந்தது. கம்பளிக்கு வீடு வரைக்கும்கூடப் போக வேண்டாம், எதிர்க்கடையில் நூல் இருந்தது. அவர் கண்முன்னால் நாலு கண்ணி இழுத்துக் காட்டியிருந்தால் தீர்ந்திருக்கும். எதிர்க்கடையில் நாலைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். நான் குடையை மடக்கி அவர் கையில் கொடுத்தேன்.

அவர் அதைத் தெருவில் நாலு பேரிடம் மெச்சிச் சொல்லிவிட்டுத்தான் வண்டி ஏறினார். மனைவிமேல் உயிரை வைத்திருக்கிற மனுஷன் என்று அன்றிலிருந்து எனக்கு ஒரு பேர். இன்றைக்கும் சிலர் அதைச் சொல்லி என்னைக் கும்பிடுகிறார்கள்.

அவள் காதுக்கும் அது அன்றே போய்விட்டது. எனக்குச் சோறு வைத்தபடி கேட்டாள்.

"பின்னிக் காட்டிருந்தா நம்பியிருப்பாருல்லா?"

நான் வலது கையால் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.